விரலில் ஏறிய கோடு

டெங்கிலைத் தாண்டி நாலு மைல் நடந்த பிறகுதான் அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. தோட்டத்தில் செம்பனைக் குலை தோளில் விழுந்து இரண்டு வாரமாக என்னால் வெட்ட முடியவில்லை. வேலை செய்யாதவனுக்குத் தோட்ட வீடு கிடையாது என்று மண்டோர், எங்கள் கங்காணி, சொல்லிவிட்டார். பூச்சோங்கில் ஒரு லோரி ஏற்றிக்கொண்டது, பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் இறங்கினேன்.

சாப்பாட்டுக் கடையில் அடுத்த மேசைப் பெண் என் கைகளையே பார்த்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவராம். "அண்ணே, ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும், வரீங்களா? எனக்கு வர்றதெல்லாம் ஸ்டூடண்ட்ஸ் கைதான், பூ மாதிரி."

அன்று பிற்பகலே அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரண்டு விரல்களில் சிறு உலோக வில்லைகளைக் கட்டி, கம்பியை ஒரு பெட்டியில் செருகினார். உணர முடியாத அளவு மின்சாரம் ஓடுமாம். மனம் அசைந்தால் விரல் வியர்க்கும், மின்சாரம் சுலபமாகப் போகும், காகிதத்தில் கோடு ஏறும்.

"இந்தக் காய்ப்புக்குள்ள போகுமா?" என்று என் விரலைத் தடவிப் பார்த்தார்.

"போகும் லா மிஸ். வெயிலே போயிருக்கு."

ஒரு வருஷமாக அந்தக் கோடுகளை ஸ்கேல் வைத்து அவரே அளந்து வந்தார். இப்போது அதைச் செய்யக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியிருந்தார். அது சரியாக எண்ணாவிட்டால் படிப்பு முடிய இன்னொரு வருஷம் போய்விடும்.

பெட்டியிலிருந்து அவ்வப்போது மணிச்சத்தம் வந்தது. முடிந்ததும் மணிக்குக் கோடு ஏறியிருந்த ஆறு இடங்களை அவர் பென்சிலால் குறித்தார். கம்ப்யூட்டர் ஏழு என்றது.

"இங்க நான் மணியே அடிக்கல. தப்பா எண்ணுது." முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணாவது மணிக்கு அப்புறமா மிஸ்? வெளிய யாரோ விசில் அடிச்சாங்க."

கதவைத் திறந்து கேட்டார். "நான்தான் மிஸ், சாரி லா," என்றார் நடைபாதை கூட்டுகிறவர். "கீழ இருக்கவன டீக்கு கூப்பிட்டேன்."

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆள் சேர்க்க மண்டோர் அடிக்கும் விசிலும் அப்படித்தான். எனக்கு அது கேட்டது, அவ்வளவுதான். பயப்படவில்லை, எதையும் நினைக்கவில்லை. ஆனால் பதினாறு வருஷம் அரிவாள் பிடித்து மரத்துப்போன விரல், எனக்குச் சொல்லாமல் வியர்த்திருக்கிறது. அவர் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். முடி அளவு மேடு. நான் யாரென்றே அறியாத ஒரு பெட்டி அதைப் பிடித்திருந்தது. என் உடம்புக்குள் எனக்கே தெரியாமல் ஒருவன் விழித்திருக்கிறான் என்று தோன்றியது. அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

"அப்ப நான் விட்டது எத்தன இருக்கும் அண்ணே?" அவர் அலமாரி நிறைய இருந்த காகிதச் சுருள்களைப் பார்த்தார். பழைய பதிவுகள் டேப்பிலும் இருந்தன. கம்ப்யூட்டர் மறுபடி எண்ணும். ஆனால் அது சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் காகிதத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

"கூலி தரேன், நம்பர் படிப்பீங்களா?"

"ஆறாம் வகுப்பு வரைக்கும் அதுதான் படிச்சேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, முதல் சுருளை நடைபாதை நீளத்துக்கு விரித்துவிட்டு, தரையில் மண்டியிட்டேன்.