மதகிலிருந்து ஏழாவது காணி

1. இடாப்பு

நான் கந்தோரில் சேர்ந்த முதல் நாள், பொறுப்பதிகாரி டீ.ஓ. சேர் ஒரு தடித்த இடாப்பை, அதாவது பதிவேட்டை, தூக்கிவந்து என் மேசையில் போட்டார். கமக்காரருக்கு உரம், விதைநெல், வாய்க்கால் தண்ணீர் இவற்றையெல்லாம் பார்க்கிற அரச கந்தோர் அது. இருபத்தெட்டு வருடம் அங்கே கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இப்படியான கந்தோர்களில் சேர்கிற பெண்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“இதான் மிஸ் வயற்காணி இடாப்பு,” என்றார் சேர். “எந்தக் காணி ஆருக்கு, எந்த வாய்க்கால், எத்தின ஏக்கர், எல்லாம் இதுக்குள்ள இரிக்கி. நீங்க வட்டைக்குப் போகத் தேவல்ல. அது ஆம்பிளையள்ர வேல.”

வட்டை என்றால் எங்கள் ஊர்களுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்வெளி. அங்கே போகத் தேவையில்லை என்றது எனக்கும் நல்ல வசதியாகத்தான் இருந்தது. வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சேறு அதைவிட ஒத்துக்கொள்ளாது.

எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில் வீட்டையும் வயலையும் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், பெண்ணின் வயலைச் செய்வார். அதனால் இடாப்பில் பக்கம் பக்கமாகப் பெண்களின் பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களில் ஒன்றாவது என் மேசைக்கு முன்னால் வந்து நின்றதில்லை. ஒப்பம் வைத்த படிவத்தைப் புருசனோ வாப்பாவோ காக்கா என்கிற அண்ணனோ கொண்டுவருவார். கூலிக்கு நெல் வெட்டப் போகிற ஏழைப் பெண்கள் வட்டைக்குப் போவார்கள். காணிக்குச் சொந்தக்காரி போகமாட்டாள். போனால் புருசனால் ஏலாமல் போய்விட்டது என்று ஊர் கதைக்கும்.

பிறகு சண்டை வந்தது. வயலுக்குப் போன ஆண்கள் பாதையில் செத்தார்கள், வயல் குடிசையான வாடியில் செத்தார்கள், சிலர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. தமிழ் ஊர்களிலும் இதே கதைதான். அடுத்தடுத்த மாதங்களில் கந்தோர் வாசலில் பெண்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். இடாப்பிலிருந்து எழும்பி வந்ததுபோல ஒவ்வொருத்தியாகப் பெயரைச் சொன்னார்கள். யுத்தம் பெண்களை வெளியே கொண்டுவந்தது என்று இப்போது மேடைகளில் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். ஆண்களை அடக்கம் செய்துவிட்டு வந்து நின்றவர்கள் அவர்கள்.

2. நாலு மாதமும் பத்து நாளும்

சுபைதா ராத்தாவை நான் முதலில் பார்த்தது அவருடைய வீட்டில். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். கணவர் விதைத்து முடித்த அடுத்த வாரம், தண்ணீர் பார்க்கப் போன இடத்தில் சுடப்பட்டார். அதே டிராக்டர் மெஷினில் வட்டவிதானையும் போயிருந்தார். வாய்க்காலுக்குப் பொறுப்பான அவர்தான் எந்த வரம்பு யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். டிராக்டர் பெட்டியில் போட்டு இரண்டு மையித்தையும் ஒன்றாகத்தான் கொண்டுவந்தார்கள்.

சுபைதா ராத்தா இத்தா இருந்தார். புருசன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். வெள்ளை உடுப்பு, அறை, வாசலில் திரை. கணவர் விதைத்துவிட்டுப் போனதோ நாலு மாத நெல். விதைத்தவர் மண்ணுக்குள் இருக்க, பெண்சாதி அறைக்குள் இருக்க, வேளாண்மை தன்பாட்டில் வளர்ந்து விளைந்துவிட்டது. இத்தா முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூத்த மகளிடம் எனக்குச் சொல்லியனுப்பினார். போனேன். திரையை விலக்கி என்னை உள்ளே இருத்தினார்.

“மிஸ், இந்த வேளாண்ம வீட்டுக்கு வந்தா நான் ஊரோட கிடப்பன். வராட்டி சவூதிதான். ஏஜென்சிக்காரன் ரெண்டு தரம் வாசலுக்கு வந்திட்டான். புள்ளயள ஆருக்கிட்ட உட்டுட்டுப் போற?”

“இன்னும் பன்னிரண்டு நாள்தானே ராத்தா.”

“பன்னெண்டு நாள் நெல்லு நிக்குமா? கொட்டுண்டிடும். கொட்டாட்டி காட்டுப் பண்டி திண்டிடும். நானே போறன் எண்டு காக்காக்கிட்ட கேட்டன். இத்தாவில இரிக்கிற பொம்பிள வட்டைக்குப் போனா ஊர் என்ன செல்லும் எண்டு குதிக்கிறார். அவர் போவாரா எண்டா, அதுக்கும் பயம்.”

நியாயமான தேவைக்குப் பகலில் வெளியே போகலாம் என்று சொல்லுகிற ஆலிம்கள் இருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் நானும் ஊர்ப் பொம்பிளைதானே. ஊர் வாயை நினைத்துப் பயந்தேன். “நீங்கள் இத்தாவை முழுசா இருந்து முடிங்க. நான் போறன்,” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னிடம் கேட்டார்: “உங்களுக்குக் காணி தெரியுமா? நான் கண்ணால கண்டதில்ல. ஆனா அவர் ஒவ்வொரு நாளும் வந்து அந்தக் காணியத்தான் கதைப்பார். அந்த மூலையில…”

“இடாப்பில எல்லாம் இரிக்கி ராத்தா,” என்றேன். “பயப்படாதீங்க.”

அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். படித்த பொம்பிளை சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

3. வெட்டு

செக்பொயின்ட் தாண்டிப் போக கந்தோர் கடிதம் வேண்டும். இன்ன காணி, இத்தனை பேர், பின்னேரம் மூன்று மணிக்குள் திரும்பவேண்டும். நான் டைப் அடித்தேன். டீ.ஓ. சேர் ஒப்பம் வைத்துவிட்டு, “நான் காணல்ல மிஸ், நீங்களும் செல்லல்ல,” என்றார். நல்ல மனிசன், பயந்த மனிசன்.

வெட்டுக்குப் பாத்துமுத்து பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். அவளும் புருசனைப் பறிகொடுத்தவள். முன்பு ஆண்கள் கங்காணியாக நின்று செய்த வேலையை இப்போது அவள் செய்தாள். சவளக்கடை என்ற ஊருக்கு அப்பால் போய் இறங்கினோம். எல்லோரும் தாக்கத்தியோடு இறங்கினார்கள், நான் இடாப்பின் பிரதியோடு இறங்கினேன்.

இடாப்பில் தெளிவாக எழுதியிருந்தது: மதகிலிருந்து ஏழாவது காணி. மதகு பளிச்சென்று தெரிந்தது. சீமெந்து, இரும்புக் கதவு. அங்கிருந்து வரம்பு வரம்பாக எண்ணி ஏழாவதில் போய் நின்றேன். நெல் பொன்னாக விளைந்து தலை சாய்த்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் தடவை வட்டைக்கு வந்து, எந்த ஆணிடமும் கேட்காமல் காணியைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

“பிஸ்மி சொல்லித் தொடங்குங்க,” என்றேன்.

இரண்டு வயல் தள்ளி ஒரு காணியில், ஒரு மூலை மட்டும் நெஞ்சளவு உயரமாகச் சிவந்து நின்றது. மற்ற நெல்லெல்லாம் இடுப்பளவு. “ஆர்ர வயலோ தெரியா, விதைநெல்லக் கலந்து வெதச்சிரிக்கான்,” என்று பாத்துமுத்துவிடம் சொல்லிச் சிரித்தேன். கந்தோரில் இருந்து படித்த புத்தி.

பகல் பன்னிரண்டு மணியிருக்கும். முக்கால்வாசி வெட்டி, அரிந்த நெல்லை உப்பட்டி உப்பட்டியாகக் குவித்தாகிவிட்டது. வாய்க்கால் கரையால் ஒரு தமிழ்ப் பெண் ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும். வரம்பில் நின்று மூச்சு வாங்கினாள். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை.

“என்னகா செய்றீங்க? இது எங்கட வயல்.”

நான் கடிதத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

“என்ர கையால விதைச்சனான். என்ர மனுசனை ஆமி சுற்றிவளைப்பில பிடிச்சிக்கொண்டு போய் வருசம் ஒண்டாகுது. நான்தான் உழுதன், நான்தான் விதைச்சன். எந்த மதகிலரிந்து எண்ணினீங்க?”

நான் கையை நீட்டினேன்.

“அது புது மதகு. பழைய மதகு அந்தா, பத்தைக்குள்ள கிடக்கு. வெள்ளத்தில உடைஞ்சாப்பிறகு ரெண்டு வயல் மேலால கட்டினது. அது ஆருக்கும் தெரியுமே.”

எல்லோருக்கும் தெரியும். வட்டைக்குப் போய்வந்த ஆண்களுக்கு அது எழுதத் தேவையில்லாத விசயம், அதனால் இடாப்பில் யாரும் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. நான் எண்ணிய ஏழாம் வயல் உண்மையில் பழைய மதகிலிருந்து ஐந்தாவது.

அவள் பெயர் மகேஸ்வரி. வரம்பில் குந்திக்கொண்டு வெட்டிக்கிடந்த நெல்லைத் தடவிப் பார்த்தாள். முஸ்லிம் ஆள்கள் வந்து தமிழ்க் காணியை வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பினால் அந்த நாளில் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஒரு கதிர் வெளிய போகா தங்கச்சி,” என்றாள் பாத்துமுத்து. “மிச்சத்தையும் நாங்களே வெட்டித் தாறம். கூலி வேணாம். இந்த மிஸ்ஸுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்கன்.”

மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். “உங்கட காணி அந்தா, மூலையில உசரமாச் சிவந்து நிக்குதே, அதுதான். நாளைக்கு வாங்க, நான் நிண்டு காட்டித் தாறன். ஆனா ஒண்டு சொல்றன். ரெண்டு மூணு பேர் தூரத்தில நிண்டு பாத்திட்டுப் போனாங்க. என்ன கதை போகும் எண்டு எனக்குத் தெரியாது.”

அவளுடைய வயலை வெட்டி முடிக்கும்போது இரண்டரை மணி. பாத்துமுத்து என் பக்கத்தில் வந்தாள். “மிஸ், அரை மணித்தியாலம் கிடக்கு. அந்தச் சிவந்த மூலையயாவது வெட்டி எடுப்பமா?”

“மூன்று மணி எண்டு கடிதத்தில இரிக்கி,” என்றேன். “நாளைக்கு முழுசா வெட்டலாம்.”

4. திரைக்கு அங்கால்

மறுநாள் காலை செக்பொயின்டில் எங்களை மறித்துவிட்டார்கள். வட்டையில் நெருப்பு என்றார்கள். புகை எங்களுக்கும் தெரிந்தது. பத்து மணிக்குப் போகவிட்டபோது சுபைதா ராத்தாவின் இரண்டு ஏக்கரும் கருகிக் கிடந்தது. அந்தக் காணி மட்டும்தான். மகேஸ்வரியைக் காணவில்லை. அவள் அன்று இரவே பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தோடு கதைத்தவள் என்று யாராவது வெருட்டினார்களோ என்னவோ. அவளுடைய நெல்லை யார் எடுத்தார்கள் என்பதும் தெரியாது. நெருப்பு வைத்தது யார் என்பதற்கு மூன்று விதமான கதைகள் உலாவின. நெருப்பைக் கொண்டுவந்த கடிதத்தை டைப் அடித்தது நான் என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கரி பூசிய காலோடு சுபைதா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். திரைக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுவார், திட்டுவார் என்று காத்து நின்றேன்.

“அப்ப அந்த மூலையில நிண்ட சிவப்பு நெல்லுமா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு எப்படி…”

“அது எனக்கெண்டு வெதச்சவர் புள்ள. எனக்கு நாட்டுச் சிவப்பரிசிச் சோறுதான் புடிக்கும். கிழக்கு மூலையில ஒவ்வொரு போகமும் வெதப்பார். உயரமா நிக்கும், மதகடியிலரிந்து பாத்தாலே தெரியும் எண்டு செல்லுவார். அண்டைக்கு உங்கக்கிட்ட அதத்தான் செல்ல வந்தன்.”

அந்த மூலையை நான் கண்ணால் கண்டேன், கண்டு சிரித்தேன். அரை மணித்தியாலம் கையில் இருந்தும் வேண்டாம் என்றேன்.

இத்தா முடிந்து குளித்த அடுத்த நாள், வட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். காக்கா தடுத்தார். “இனி என்னத்த எரிக்கப் போறாங்க?” என்று கேட்டுவிட்டு ராத்தா வந்து மெஷினில் ஏறினார். இறங்கியதும் நான் வழிகாட்டப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பத்தைப் புதரை விலக்கிப் பழைய மதகைப் பார்த்தார். அங்கிருந்து வாய்க்கால் கரையால் நடந்து, வாழ்க்கையில் ஒருநாளும் மிதித்திராத தன் காணிக்குள் இறங்கி, நேரே கிழக்கு மூலைக்குப் போனார். சாம்பலுக்குள் குந்திக் கைவிட்டுத் துழாவினார். கருகாத சிவப்பு நெல் ஒரு சிறங்கை கிடைத்தது. முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த மாதம் சவூதிக்குப் போனார். பிள்ளைகள் அவருடைய தங்கச்சி வீட்டில் வளர்ந்தார்கள். ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சின்ன மகள் அவரை ‘மாமி’ என்று கூப்பிட்டாள். இதை எனக்கு அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் எத்தனையோ பெண்களுக்குக் காணிக் கடிதம் கொடுத்தேன். பெயருக்குரியவள் என்னோடு வட்டைக்கு வந்து வரம்பில் நிற்காமல் ஒரு கடிதமும் அடித்ததில்லை. இத்தாவில் இருந்தவர்களையும் கூட்டிப்போனேன். ஊர் கதைத்தது. டீ.ஓ. சேரும் கூப்பிட்டுக் கேட்டார், “என்ன மிஸ், இடாப்பு இரிக்கத்தானே?” இருக்கிறது சேர் என்றேன். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. இடாப்பைத் திறக்கமுதல் அந்தப் பெண் சொல்ல வந்ததைச் சொல்லவிடுங்கள்.