எல்வீராவின் கடப்பாரை

லெப்பாசாரித் தீவுக்காரர்கள் எல்வீராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் அவள் உடம்பைத்தான் சொல்வார்கள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கேற்ற அகலம். அவளைத் தாங்குகிற பனி குதிரையையும் தாங்கும், அதனால்தான் ஏரிப் பாதையை அவள் பொறுப்பில் விட்டார்கள் என்பார்கள். கேலிக்குச் சொல்வது. உண்மையான காரணம் வேறு. அதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

தீவில் பதினோரு வீடுகளும் ஒரு கடையும். தேவாலயம், கல்லறை, டாக்டர், பஸ் எல்லாம் எதிர்க்கரையில். கோடையில் படகு உண்டு. டிசம்பரில் ஏரி உறைந்து இறுகியதும் இரண்டு கிலோமீட்டருக்குப் பனிமேல்தான் போக்குவரத்து. முப்பது தப்படிக்கு ஒன்றாக ஊசியிலை மரக்கிளைகளை நட்டுப் பாதையைக் குறிப்பதும், தினமும் கடப்பாரையோடு போய்ப் பனியைக் குத்திப் பார்ப்பதும் எல்வீராவின் வேலை. மூன்று குத்துக்குள் தண்ணீர் மேலே வந்துவிட்டால் மனிதர்கூட நடக்கக் கூடாது. ஆறு குத்துத் தாங்கினால் குதிரை போகலாம். ஜனவரியில் இருபது குத்தினாலும் தோள்தான் வலிக்கும். அப்போது பால் லாரியே வரும். பாதி வழியில் இரண்டு பாறைத் திட்டுகளுக்கு நடுவே ‘கழுத்து’ என்று ஓர் இடம். அடியில் நீரோட்டம் இருப்பதால் அங்கே பனி எப்போதும் மெலிசு. எல்வீரா குத்திப் பார்ப்பது அங்கேதான்.

ஏப்ரலில் பனி கெட ஆரம்பித்ததும் இரண்டு கரைகளிலும் பாதையின் வாயில் இரண்டிரண்டு கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிடுவாள். பாதை மூடிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு நடக்கவும் முடியாது, துடுப்புப் போடவும் முடியாது. கருவாட்டையும் ரை ரொட்டியையும் தின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துக்கொண்டு தீவு தன்பாட்டுக்குக் கிடக்கும்.

எல்வீராவுக்கு முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டவர் ஹெர்மன்னி. நல்ல மனுஷன், நல்லவர் என்பதுதான் அவரிடம் கோளாறு. ஒரு வருஷம் பாதையை மூடிய நாலாம் நாள் பனி மறுபடி இறுகியது. மாவுமில்காரர் வீட்டில் கல்யாணம். எல்லோரும் போய்க் கெஞ்சினார்கள். ஹெர்மன்னி கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டு, தாங்கும் என்று குறுக்குக் கிளைகளை எடுத்துப்போட்டார். காலையில் தாங்கவும் தாங்கியது. எதிர்க்கரையில் புதுத்துணி தைக்கக் கொடுத்திருந்த அக்கா தங்கை இருவர் மத்தியான வெயிலில் அதே வழியாகத் திரும்பி வந்தார்கள். கழுத்தில் பனி உடைந்து உள்ளே போனார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பனிமேல் குப்புறப் படுத்து இழுத்தவள் எல்வீரா. தங்கை கையில் சிக்கினாள். அக்கா சிக்கவில்லை. அன்று எல்வீராவுக்கு இருபத்தொன்பது வயது.

ஹெர்மன்னி அதற்குப் பிறகு கடப்பாரையைத் தொடவே இல்லை. ஊர் கூடி எல்வீராவைக் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “குறுக்க வெச்சா வெச்சதுதான். யாருக்காகவும் எடுக்க மாட்டேன். கெஞ்சறதுன்னா இப்பவே வேற ஆளப் பாத்துக்குங்க.” யாரும் வேறு ஆளைப் பார்க்கவில்லை.

அவள் புருஷன் வில்யாமி நேர் எதிர். ஒல்லி, வாயாடி, சோம்பேறியும்கூட. காப்பி ஆறிவிட்டது என்று குறை சொல்லாமல் ஒரு நாளும் காப்பி குடித்ததில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு, “எம் பொண்டாட்டி ஏரிய நம்பற அளவுக்கு என்னை நம்பறதில்லப்பா” என்று அலுத்துக்கொள்வான். எல்வீரா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஏரி குடிச்சிட்டு வீட்டுக்கு வராது” என்பாள். முப்பது வருஷக் குடித்தனம் இப்படியே நடந்தது, மோசமில்லாமல். ஒரே மகள் கெர்த்து. தெற்கே பெரிய ஊரில் பஞ்சாலையில் வேலை. அப்பாவின் ஒல்லி உடம்பும் அம்மாவின் வாயடக்கமும் அவளுக்கு வந்திருந்தன. கிறிஸ்துமஸுக்கு வந்தால் அப்பாவும் மகளும் சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிலில் வெந்துவிட்டு வந்து விடிய விடியச் சீட்டாடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் மாதம் இரண்டு நாள் தெற்குக் காற்று வீசி மழை கொட்டியது. பதினெட்டாம் தேதி கழுத்தில் இரண்டாவது குத்துக்கே தண்ணீர் வந்தது. எல்வீரா இரு கரையிலும் கிளைகளைப் போட்டுவிட்டு, பனிமேல் இழுத்துப்போகிற சறுக்குப் படகைப் பிடித்தபடி தீவுக்குத் திரும்பினாள். இருபதாம் தேதி வில்யாமி சவுனாவுக்கு விறகு சுமந்துகொண்டு போனவன் படிக்கட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். விறகுகூடச் சிதறவில்லை. அறுபத்து மூன்று வயது.

மறுநாள் காற்று வடக்கே திரும்பியது. ஜனவரிக்குளிர் மறுபடி வந்ததுபோல் ஏரி கறுத்து இறுகியது.

இந்த நாட்களில் தீவில் சாகிறவர்கள் ஏரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அது பழகிப்போன விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் பெட்டி செய்து கொடுத்தார். வில்யாமியைத் தானியக் கிடங்கில் கிடத்தி, சுற்றிலும் பனிக்கட்டிகளை அடுக்கி மரத்தூள் போட்டு மூடினார்கள். பால் கெடாமலிருக்க மார்ச் மாதம் அவனே ஏரியில் அறுத்துக்கொண்டு வந்து சேர்த்த கட்டிகள்தாம். மூடியை மட்டும் ஆணி அடிக்காமல் சும்மா வைத்திருந்தார்கள்.

இருபத்திரண்டாம் தேதி கடையிலிருந்து ஆள் வந்தது, எல்வீராவுக்கு டெலிபோன் என்று. தீவுக்கே அந்த ஒரு டெலிபோன்தான். கடைக்காரி ஐமி சர்க்கரை நிறுப்பதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

“அம்மா, கெர்த்து பேசறேன். சித்தப்பா வீட்டுக்கு வந்துட்டேன்.”

“தெரியும். கரையில தலைக்குச் சிவப்புத் துணி கட்டிக்கிட்டு நின்னியே.”

“நாளைக்கு விடிஞ்சதும் நடந்து வந்துடறேன்.”

“வராத.”

“தாங்கும்னு சித்தப்பா சொல்றாரும்மா.”

“சொல்றது யாரு வேணா சொல்லலாம்.”

“நான் அம்பது கிலோகூட இல்ல.”

“ஏரி ஆள நிறுத்துப் பாத்தா உள்ள இழுக்குது?”

ஐமியின் தராசில் சர்க்கரை வழிந்தது.

“அப்பா முகத்த ஒரு தடவ பாக்கணும்மா. அவ்வளவுதான்.”

“இங்க குளிர் நல்லா இருக்கு. அப்படியேதான் இருக்காரு. ஏரி திறக்கட்டும், பாக்கலாம்.”

“எனக்கு ஏழு நாள்தான் லீவு.”

“தெரியும்” என்றாள் எல்வீரா.

கெர்த்துவின் கையிலிருந்து தாவெத்தி டெலிபோனைப் பிடுங்கியிருக்க வேண்டும். வில்யாமியின் தம்பி அவர். எதிர்க்கரையில் டிராக்டர் வைத்திருந்தார். அண்ணன் மாதிரி வாய்தான், ஆனால் அதில் நகைச்சுவை கிடையாது. “ஏன் அண்ணி, ஒங்க பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லியா? பெத்த பொண்ணு! பனி இரும்பு மாதிரி கெடக்கு. நாலு நாள் அவசரப்பட்டு மூடிட்டீங்க. தப்புன்னு ஒத்துக்கிட்டா கிரீடமா எறங்கிடும்?”

“அவசரப்பட்டுத்தான் மூடிட்டேன் போல. மூடினது மூடினதுதான், தாவெத்தி” என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தாள். ஐமியைப் பார்த்து, “சர்க்கரைய அள்ளு” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் எதிர்க்கரையில் அந்தச் சிவப்புத் துணி தெரிந்தது. அரைமணி நேரம் ஓரிடத்திலேயே நிற்கும், பிறகு போய்விடும். எல்வீரா இந்தக் கரையில் மீன்வலையைப் பிரித்து உட்கார்ந்திருப்பாள். கையசைக்க மாட்டாள். வலையில் ஒரு கண்ணியைக்கூட அவள் தைக்கவில்லை என்பதை ஊரே பார்த்தது.

ஊர் பார்க்காத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் சறுக்குப் படகைத் தள்ளிக்கொண்டு அவள் கழுத்துக்குப் போனாள். மூடிய பாதையில் அவளுக்கு வேலையே இல்லை. இத்தனை வருஷத்தில் போனதும் இல்லை. முதல் நாள் ஒன்பது குத்து. இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் சிவப்புத் துணி போன பிறகு, ஊர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து மத்தியானமும் போனாள், வெயிலில் இளகியிருக்கும் என்ற நம்பிக்கையில். எட்டு. அந்தப் பனியில் கெர்த்து என்ன, ஒரு குதிரையே வந்திருக்கும். இளகவில்லையே என்று ஏரிமேல் கோபப்பட்ட ஒரே ஆள் அந்த நாட்டில் அவளாகத்தான் இருப்பாள்.

கிளைகளை எடுத்துப்போட எவ்வளவு நேரம் ஆகும்? அதைப் பற்றி அவள் நினைக்காமல் இல்லை. இன்றைக்கு என் மகளுக்காக எடுத்தால் அடுத்த வருஷம் ஐமி தன் மகனுக்காகக் கேட்பாள். அவளிடம் நான் என்ன சொல்வது? அன்று கயிற்றின் மறுமுனையில் கனம் திடீரென்று குறைந்தது அவள் கைக்கு இன்னும் மறக்கவில்லை. இது நியாயம்தான். கொஞ்சம் வீம்பும் இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

ஏழாம் நாள் மத்தியானம் சிவப்புத் துணி தெரியவில்லை. கெர்த்து காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வெயில் சுட ஆரம்பித்தது. கிடங்கில் பனிக்கட்டிகள் ஒழுகின. மே இரண்டாம் தேதி, இதற்குமேல் வைக்க முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். எல்வீரா தலையாட்டினாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். ஆணிகளை அவளே அடித்தாள். ஆணிக்கு மூன்று அடி, ஒன்றுகூட வளையவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அன்றைக்குச் சிலர் சொன்னார்கள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

மே ஒன்பதாம் தேதி ஒரே மத்தியானத்தில் காற்று ஏரியைத் துடைத்துவிட்டுப் போனது. பன்னிரண்டாம் தேதி வில்யாமியைப் படகில் வைத்துக் கொண்டுபோனார்கள். அக்கரையில் கெர்த்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாள் லீவில் வந்திருந்தாள். பெட்டி கரையில் இறங்கியதும் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஆணித்தலைகளைப் பார்த்தாள்.

பாதிரியார் ஜெபித்து முடித்து, மண் போட்டு, எல்லோரும் காப்பிக்குப் போன பிறகு அம்மாவும் மகளும் மட்டும் அங்கே நின்றார்கள். கெர்த்து மண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எத்தன குத்தும்மா?”

இல்லாததைச் சொல்லியிருக்கலாம். இரண்டு என்று சொல்லியிருந்தால் மகளின் மனசு ஆறியிருக்கும். அவள் கழுத்துக்குப் போனதே யாருக்கும் தெரியாது.

“ஒன்பது” என்றாள் எல்வீரா. “அடுத்த நாள் பதினொன்னு. மத்தியானத்துல ஒரு தடவ பாத்தேன், அப்ப எட்டு. வந்திருக்கலாம். தாங்கியிருக்கும்.”

“சித்தப்பா பத்துன்னாரு.”

எல்வீரா திரும்பிப் பார்த்தாள்.

“நாலாம் நாள் கடப்பாரையோட அவரும் கழுத்துக்குப் போனாரு. நீ குத்தின குழி அங்க இருந்துச்சாம். பக்கத்துலயே குத்திப் பாத்துட்டு வந்து, பத்து, கெளம்பு, நானும் கூட வர்றேன்னாரு.”

“தெரிஞ்சுமா வரல?”

“கிளை கெடந்துச்சேம்மா” என்றாள் கெர்த்து. “தாண்டலாம்னு தெனமும்தான் வந்து நின்னேன். நீ போட்ட கிளை. எப்படித் தாண்டறது?”

ஆணி அடிக்கும்போது அழாத எல்வீரா அப்போது அழுதாள். பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க, பக்கத்துக் கல்லறைக் கல்லைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டே அழுதாள். கெர்த்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஓய்ந்ததும் எல்வீரா பழைய கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கழுத்திலிருந்து திரும்பி வந்து ஊராரிடம் பனியின் நிலையைச் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

“அப்பா எடது தாடையில சவரம் பண்ணாம விட்டிருந்தாரு. விரக்கட அகலம் இருக்கும். நானும் அத அப்படியே விட்டுட்டேன். மூக்குமேல மரத்தூள் ஒட்டியிருந்துச்சு, ஊதிவிட்டேன். ஒங்கிட்ட ரெண்டு பொத்தான் அனுப்பி வெக்கச் சொன்னாரே, அந்தச் சட்டைதான் போட்டுவிட்டேன். பொத்தான் ரெண்டும் இருந்துச்சு. வலது புருவம் கொஞ்சம் மேல ஏறியிருந்துச்சு, நீ திருட்டுச் சீட்டு எறக்கினா பாப்பாரே, அது மாதிரி.”

“வாயி?” என்றாள் கெர்த்து.

“மூடித்தான் இருந்துச்சு. ஆனா சும்மா மூடல.” எல்வீரா யோசித்தாள். சரியாகச் சொல்ல வேண்டுமே. “காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்லப் போறாரே, அப்ப ஒரு வாய் வெச்சுக்குவாரு பாரு. அது.”

கெர்த்து கண்களை மூடிக்கொண்டாள். “ஆமா” என்றாள்.