துண்டுக்கடியில் வலதுகை

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் நல்லகாமன் வாய் திறந்து விலை சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. தோள் துண்டை விரித்து, எதிராளியின் கையைத் தன் கையோடு சேர்த்து மூடி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார். அதுதான் விலை. தரகர்கள் எல்லாருக்கும் அதுவே வழக்கம் என்றாலும், எதிராளியின் விரல் தயங்குவதை வைத்தே அவன் எதுவரை இறங்குவான் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஈடாக ஒரே ஒருவன்தான் இருந்தான். வெள்ளைத்துரை. அதனாலேயே அவனைக் கண்டால் இவருக்கு ஆகாது.

2008-இல் பக்கவாதம் வந்து நல்லகாமனின் வலதுகை விழுந்தது. இடதுகையைத் துண்டுக்குள் நீட்டினால் சந்தையில் எவனும் தொட மாட்டான். பிழைப்பே போய்விடும். மனைவி மாயக்காள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டினால் விரல்கள் அசையுமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் கிரிதரன் ஒளிக்காமல் சொன்னார். "பாதிப் பேருக்கு நிஜக் காந்தம். மீதிப் பேருக்கு டக்டக்குன்னு சத்தம் மட்டும்தான். யாருக்கு எதுன்னு எனக்கே கடைசியிலதான் தெரியும். கைப்பயிற்சி மட்டும் எல்லாருக்கும் உண்டு."

சம்மதித்துப் போய் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் வெள்ளைத்துரை! அவனுக்கும் பக்கவாதம், அதே வலதுகை. வியாதியில்கூடப் போட்டிக்கு வந்துவிட்டான் பாருங்கள்.

அன்றிலிருந்து நல்லகாமன் தன் கையைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தார். அவன் டம்ளரைத் தூக்கியபோது இவருக்கு வயிறு எரிந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்ட அன்று சோறே இறங்கவில்லை.

ஒருநாள் வராந்தா பெஞ்சில் வெள்ளைத்துரை துண்டை விரித்தான்.

"வாங்கண்ணே, சும்மா ஒரு விலை பேசுவோம்."

நல்லகாமனின் விரல்களில் உணர்ச்சி மந்தம். அப்படியும் அவன் பிடி உறைத்தது. வீம்புக்கு இவரும் அழுத்திப் பார்த்தார். எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. விருட்டென்று எழுந்துவிட்டார்.

"அவனுக்குத்தான் நிஜம். எனக்கு வெறும் டக்டக்கு. இனிமே இங்க வர மாட்டேன்."

"நேத்துக் கரண்டியப் பிடிச்சீகளே!" என்றாள் மாயக்காள்.

"அவன் பொத்தானே போடுறான்டி!"

டாக்டர் கெஞ்சியும் கேட்கவில்லை. வீட்டில் பயிற்சியையும் விட்டார். சில மாதங்களில் விரல்கள் மறுபடி சுருண்டுகொண்டன. சந்தைப் பக்கம் போவதும் நின்றது.

ஆராய்ச்சி முடிந்ததும் வெள்ளைத்துரை வீடு தேடி வந்தான். வந்தவனுக்கு மாயக்காள் காப்பி கொடுத்தாள். அதை அவன் வலதுகையாலேயே வாங்கியது நல்லகாமனுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரு சொல்லிட்டாருண்ணே. எனக்குத்தான் சத்தம் மட்டும். நிஜம் உங்களுக்கு."

நல்லகாமன் நம்பவில்லை. "பொய் சொல்லாத. நீ எப்படித் தேறுன?"

"எல்லாம் பொறாமைதேன். அன்னைக்குத் துண்டுக்குள்ள நீங்க பிடிச்ச பிடியில, இவருக்குத்தான் நிஜ மிஷினுன்னு தெரிஞ்சுபோச்சு. விடக்கூடாதுன்னு ராப்பகலா ரப்பர் பந்தைப் பிசைஞ்சேன்."

நல்லகாமன் மடியில் கிடந்த வலதுகையைப் பார்த்தார்.

"எம்புட்டு வலிச்சுச்சு?"

"உசுரே போச்சுண்ணே. கத்துனா நீங்க சந்தோசப்படுவீகளேன்னுதான் கத்தல."