கேள்வி கேட்காத மூன்று வாரம்

மூன்று வாரத்துக்கு அந்தக் குழந்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது என்று என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் மாலை மணி அடிக்கும் வரை கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருப்பவள். ஏன் லேட், சாப்பிட்டியா, பென்சில் எங்கே, ஏழும் எட்டும் எத்தனை. வீட்டில் கணவருக்குச் சோறு போடும்போதுகூட நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் ரசம் ஊற்றுவேன். என்னிடம் போய்க் கேள்வி கேட்காதே என்று சொல்வது மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரி.

அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பு. பெருநகருக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரின் பள்ளி அது. தலைமையாசிரியரும் நானும்தான். ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை என் அறையில் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அங்கே ஒரு வார்த்தை பேசியதில்லை. எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதுவாள். கணக்கு போடுவாள். பெயரைக் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். வாய் மட்டும் திறக்காது. தாகம் என்றால்கூடக் கேட்க மாட்டாள். ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்த இடத்தையே நனைத்துவிட்டாள்.

நான் செய்து பார்க்காத வித்தை இல்லை. சாக்லேட்டை நீட்டி, "தேங்க்ஸ் சொல்லு, தரேன்" என்றேன். அது என் கையிலேயே இளகியதுதான் மிச்சம். கோபித்தும் பார்த்தேன். ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது. பிடிவாதக்காரி என்று நான் முடிவு கட்டினேன். காதுதான் கேட்கவில்லையோ என்று தலைமையாசிரியர் சந்தேகப்பட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தோம். துள்ளித் திரும்பினாள். காதில் ஒரு குறையும் இல்லை.

அவளுடைய அம்மாவை வரச் சொன்னோம். செய்யாற்றுப் பக்கம் சொந்த நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் வைக்கிற குடும்பம். வயலிலிருந்து நேராக, காலில் சேறு காயாமல் வந்தார்.

"உங்க பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குறாம்மா. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? வூட்ல அது வாய மூட்றதே கெடையாது."

நான் நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். மாட்டுக் கொட்டகை. கையில் குச்சியோடு அவள் நிற்கிறாள். எதிரே ஒரு கன்றுக்குட்டி. "இன்னா, வாய்ல கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற? பதில் சொல்லு. சொல்ல மாட்ட? போ, கடைசில போய் குந்து." ஊர்ப்பேச்சுதான் அவளுடையது, கேள்வியும் குரலின் இழுப்பும் என்னுடையது. நடுவில் மூக்குக்கண்ணாடியை விரலால் மேலே தள்ளுகிற மாதிரி ஒரு செய்கை. அதுவும் என்னுடையது. தலைமையாசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாக்குல வசம்பு தேச்சேன் டீச்சர். திருமுக்கூடல் பெருமாளுக்கும் வேண்டிக்கினேன். இங்க வந்தாதான் இப்டி ஆயிடுது. யாராச்சும் அடிச்சாங்களான்னு கேட்டா, இல்லன்னுது" என்றார் அந்த அம்மா.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அப்போதுதான் ஒரு உளவியல் ஆலோசகர் வரத் தொடங்கியிருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து, தோளில் ஒரு பெரிய துணிப்பையோடு வியாழக்கிழமைகளில் எங்கள் பள்ளிக்கு வருவார். முதல் நாள் வகுப்பின் ஓரத்தில் பாயில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். பிறகு அந்த வீடியோவை மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

"இது பிடிவாதம் இல்ல டீச்சர். சில குழந்தைங்களுக்கு வீட்ல பேச்சு வரும், வெளியில வராது. பேச மாட்டேன்னு இல்ல, முடியல. பயத்துல தொண்டை பூட்டிக்குது. நாம கேக்கக் கேக்க பூட்டு இன்னும் இறுகும்" என்றார்.

"அப்ப என்னதான் செய்யறது?"

"மொதல்ல நீங்க அவகிட்ட கேள்வி கேக்கறத நிறுத்தணும். மூணு வாரம்."

அப்போதுதான் நான் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கேள்விக்குப் பதிலாக, கண்ணில் படுவதைச் சும்மா சொல்லிக்கொண்டு போக வேண்டுமாம். "பென்சில் எங்கே?" இல்லை, "பென்சில் ஜன்னல்ல கெடக்கு." "என்ன வரையுற?" இல்லை, "மயிலுக்கு நீலம் அடிச்சிருக்க." பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தப்பித்தவறி அவள் பேசிவிட்டால் கை தட்டக் கூடாது, பாராட்டக் கூடாது, ஒன்றும் நடக்காதது போல இருக்க வேண்டும். இதில் எது கஷ்டம் என்று கேட்டால் எல்லாமே. முதல் வாரம் பாதி வாக்கியத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளுக்காக ஆரம்பித்தது, தடுமாறித் தடுமாறி வகுப்பு முழுவதற்கும் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிட்டே வந்து, "டீச்சர், உங்களுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தாள்.

அடுத்த ஏற்பாடு அம்மாவுக்கு. மாலை மணி அடித்து எல்லோரும் போன பிறகு, இருபது நிமிடம் தாயும் மகளும் மட்டும் வகுப்பறையில் உட்கார்ந்து பாம்பு ஏணி ஆட வேண்டும். வீட்டில் பேசுகிறவளோடு பள்ளிக்கூடத்துக்குள் பேச வேண்டும், அவ்வளவுதான். நான் உள்ளே வரக் கூடாது. நடவு சமயம் அது. ஆனாலும் அந்த அம்மா தினமும் வந்தார்.

"வூட்ல பேஜார் பண்றாங்க டீச்சர். நடவு ஆளுங்கள வுட்டுட்டு பாம்பு ஏணி ஆடப் போறியான்னு கேக்கறாங்க" என்று சிரிப்பார். வராமல் இருந்ததில்லை.

மூன்றாம் நாள், வராந்தாவில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் காதில் அந்தக் குரல் விழுந்தது. "எம்மா, பாம்பு கடிச்சிட்ச்சி உன்ன." எங்கள் பள்ளிச் சுவருக்குள் அவள் பேசிய முதல் வாக்கியம். நான் ஊற்றிக்கொண்டே நின்றேன். தொட்டி நிரம்பி என் செருப்பு நனைந்த பிறகுதான் சுயநினைவு வந்தது.

அதற்குப் பிறகு நான் நாளுக்கு இரண்டடி உள்ளே நகர்ந்தேன். ஒரு நாள் நிலைப்படி. ஒரு நாள் வாசல் ஓரம் நாற்காலி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டுத் திருத்துவது. குரல் கிசுகிசுப்பாக இறங்கினால் மறுநாள் மறுபடி வராந்தா. பூனை பால் சட்டியை நெருங்குகிற மாதிரி நான் என் சொந்த வகுப்பறைக்குள் நெருங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் என்றது ஐந்தாகியிருந்தபோது, நானும் ஆட்டத்தில் ஒரு ஆளாகப் பாயில் உட்கார்ந்தேன். அவள் அம்மாவிடம் மட்டும் பேசினாள், என் காது கேட்க. அதுவே பெரிது.

ஒரு புதன்கிழமை. பகடையில் எனக்கு ஐந்து விழுந்தது. அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த கவனத்தில் காயை ஆறு கட்டம் நகர்த்திவிட்டேன்.

"எம்மா, டீச்சரு ஏமாத்துது" என்றாள்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. நானும்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விரலைக் கட்டத்தில் வைத்தாள்.

"அஞ்சுதான். இங்க வெக்கணும்."

என்னிடம். நேராக என்னிடம்.

"ஆமா, அஞ்சுதான்" என்று காயை ஒரு கட்டம் பின்னால் வைத்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு நீளமான பாம்பு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நான் அடி வரைக்கும் சறுக்கினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாராட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திக் கணவருக்குப் போன் போட்டேன். "அவ அஞ்சுன்னு சொல்லிட்டாங்க" என்றேன். "எந்த அஞ்சு?" என்றார். எனக்கு அழுகை வந்ததால் வைத்துவிட்டேன்.

அடுத்து, என் வகுப்பிலேயே படிக்கும் அவளுடைய பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டத்தில் சேர்ந்தாள். பிறகு இன்னொருத்தி. எல்லாம் நேர்கோட்டில் போகும் என்று நான் நினைத்திருந்த நேரத்தில், வெளியிலிருந்து ஒரு அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். நல்ல மனிதர். அவள் நோட்டைப் பார்த்து மெச்சி, கன்னத்தைத் தட்டி, "உன் பேர் என்ன பாப்பா? சொல்லு. சொல்லு பார்ப்போம்" என்று குனிந்துகொண்டே நின்றார். அறை முழுவதும் அவளைப் பார்த்தது. நான் குறுக்கே போய்ப் பேச்சை மாற்றுவதற்குள் அவள் முகம் பழைய கரும்பலகையாகிவிட்டது. அன்று மாலை ஆட்டத்தில் அம்மாவிடம்கூடப் பேசவில்லை. மறுநாளும் இல்லை.

"அல்லாம் போச்சி டீச்சர்" என்று அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்த ஆலோசகர் பதறவில்லை. "வந்த வழி தெரியும்ல, திரும்ப நடப்போம்" என்றார். ஆனால் இந்த முறை அப்பாவையும் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த அப்பாவை நான் தூரத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். மகளைக் கேட்டில் இறக்கிவிட்டு, எங்களைப் பார்ப்பதற்குள் பைக்கைத் திருப்பிவிடுவார். அன்றைக்கு வந்தவர் அறைக்குள் வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலோசகர் அவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் வரைந்த மயிலை எடுத்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். அதற்குள் எனக்கு அது பழகியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு. "நானும் இப்டித்தான் கீந்தேன்."

நிலைப்படியை நகத்தால் சுரண்டினார்.

"வேற ஊரு பள்ளிக்கூடம். பேசலன்னு வெயில்ல முட்டி போட வெப்பாங்க. திமிருன்னாங்க. அஞ்சாவதோட நின்னுட்டேன். நானும் திமிருன்னுதான் இவ்ளோ நாளா நெனச்சிக்கினு கீறேன்."

"திமிர் இல்லண்ணா. பயம். உங்களுக்கு யாரும் நேரம் குடுக்கல" என்றார் ஆலோசகர்.

அவர் தலையாட்டினார். மயில் படத்தை வாங்கி மடிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நான் கொழுக்கட்டை என்று கேட்டதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் டீச்சர். கன்னுக்குட்டிய கேட்டுக்கினே கீதே" என்றார். முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாளிலிருந்து பாம்பு ஏணிக்கு அவர் வந்தார். அம்மாவுக்கு வயல் வேலை. நாங்கள் மறுபடி வராந்தாவிலிருந்து தொடங்கினோம். இந்த முறை பத்தே நாளில் நான் பாய்க்கு வந்து சேர்ந்தேன். ஆட்டத்தில் அவர் படு மோசம். மகள் திட்டிக்கொண்டே அவர் காயையும் சேர்த்து நகர்த்துவாள். அவரும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாக என்னோடு பேசத் தொடங்கினார். மழை, யூரியா, மோட்டார் ரிப்பேர் என்று.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, தூக்கப்போகும் கைக்காக வழக்கம்போல் அரைக்கண்ணால் பார்த்தேன்.

"உள்ளேன் டீச்சர்."

கொசு பாடுகிற அளவுக்கு ஒரு குரல். முன் வரிசையில் ஒருத்தி திரும்பி, "ஏய், அது பேசிச்சிடி" என்றாள். பாம்பு ஏணி ஆடுகிற பக்கத்து வீட்டுப் பெண், "ஆமா, அதுக்கின்னா இப்போ?" என்றாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இரண்டு பெயரைத் தாண்டிக் கூப்பிட்டுவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் ஆலோசகருக்கு வேறு வட்டாரத்துக்கு மாற்றல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவரிடம் மட்டும் அவள் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறவர், பழக நாள் போதவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "போய்ட்டு வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லட்டுமா?" என்றேன்.

"ஐயையோ, வேணாம் டீச்சர். ஜன்னலுக்கு வெளிய நின்னு நெறைய கேட்டுட்டேன். உங்ககிட்டயும் வகுப்புலயும் பேசினா எனக்கு அது போதும்" என்றார்.

அவளும் நானும் பள்ளி கேட் வரை போனோம். அவள் கையசைத்தாள், அவரும் கையசைத்தார். வயல் நடுவே அந்தத் துணிப்பை மெயின் ரோட்டை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் சத்தம் வந்து, நின்று, போனது.

"டீச்சர், அந்த மேடம் வர்ற வாரம் வருவாங்களா?"

"வர மாட்டாங்க. வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க."

அவள் கேட் கம்பியில் ஒரு காலை ஏற்றினாள்.

"அங்க கீற பொண்ணு யாருகிட்ட பேசாது? டீச்சர்கிட்டயா, அல்லார்கிட்டயுமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, உள்ளே ஆட்டத்துக்கு ஓடினாள்.