நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸும் ஜெனிலாவின் கண்ணும்

தூத்துக்குடியில் வந்து இறங்குகிற ஒரு கன்டெய்னர் நசுங்கியிருக்கிறதா இல்லையா என்பதை நேசக்குமார் பார்த்துச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக, கன்டெய்னர் சர்வேயராக, அவர்தான் சொல்லி வந்தார். பைபாஸ் ரோட்டு யார்டுக்குள் காலை எட்டு மணிக்கு ஒரு டார்ச், ஒரு டேப், அட்டையில் கிளிப் போட்ட படிவம் சகிதம் நுழைவார். 'இடது பக்கத் தகட்டில் மூன்று சென்டிமீட்டர் குழிவு. லேசான துரு. கதவு ரப்பர் நலம். சீல் உடைபடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குமேல் கப்பல் கம்பெனிக்காரனும் பேச மாட்டான், சரக்குக்காரனும் பேச மாட்டான். "நேசக்குமார் பாத்தா பாத்ததுதான்" என்று யார்டில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், விசாரணை அவரிடமே வந்து நிற்கக்கூடும்.

நாசரேத்து வாத்தியார் குடும்பம். அப்பா வாத்தியார், சித்தப்பாக்கள் இரண்டு பேரும் வாத்தியார், சாத்தான்குளத்திலிருந்து வந்த மனைவி ஜெனிலா தமிழ் டீச்சர். குடியில்லை, பீடியில்லை. நாற்பத்தேழு வயதில் அவரிடம் இருந்த ஒரே தீய பழக்கம் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவது. மில்லர்புரத்து வீட்டின் முன்னறையில், சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, மேஜைக்கு மேலே மாட்டியிருக்கும் பைபிள் வசன காலண்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து, நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு எழுந்து குடும்ப ஜெபத்துக்குப் போவார். 'முத்துநகர் கேமர்ஸ்' என்ற வாட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது பேர். பெரும்பாலும் அவர் வயதில் பாதி. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

பாளையங்கோட்டை ரோட்டில் கேம் சென்டர் வைத்திருக்கும் ஜெஃப்ரி, போன ஆகஸ்டில் ஒரு பெட்டியோடு வந்தான். கடையிலிருக்கும் பத்துத் திரைகளையும் மாற்ற வேண்டும். மாதிரிக்கு ஒன்று வாங்கியிருந்தான். இருபத்தேழு அங்குலம், ஃபோர்-கே, நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ். அதாவது சாதாரணத் திரை ஒரு நொடிக்கு அறுபது முறை படத்தை மாற்றும், இது நூற்று நாற்பத்து நாலு முறை மாற்றும். புள்ளிகளும் நாலு மடங்கு.

"பத்து நாள் வச்சுப் பாருங்க அண்ணாச்சி. இந்த நூத்தி நாப்பத்தி நாலு நெசமாவே கண்ணுக்குத் தெரியுதா, இல்ல சும்மா வெல ஏத்துதானுவளான்னு நீங்க சொல்லணும். நீங்க சரின்னா பத்தையும் எடுத்துருவேன்."

நேசக்குமார் சர்வேயைத் தொடங்கினார். அட்டைப் பெட்டியின் எட்டு மூலைகளையும் தடவினார். திரையில் செத்த புள்ளி உண்டா என்று கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று வரிசையாக நிறம் போட்டு, டார்ச்சை அணைத்துப் பார்த்தார், அடித்தும் பார்த்தார். பெட்டியின் அடியில் புது கேபிள் ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் வாயில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர்.

சர்வேயரின் பத்துக் கட்டளைகளில் முதலாவது, அடுத்தவன் சீலை அவன் இல்லாமல் உடைக்கக் கூடாது என்பது. திரை ஜெஃப்ரியுடையது, ஆகவே உறையும் ஜெஃப்ரியுடையது. இந்தச் சுத்தத்தினால்தான் இருபத்திரண்டு வருடத்தில் அவர்மீது ஒரு புகார் இல்லை. 'துணைக் கேபிள், ஒன்று. சீல் உடைபடவில்லை' என்று குறித்துக்கொண்டு, தன் பழைய திரையின் கேபிளையே உருவி இதில் சொருகினார்.

கேமை ஓட்டினார். நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் சின்னதாக ஓடும் எண் நூற்று நாற்பது என்று காட்டியது. அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்து விட்டதுபோல் திரை வழுக்கியது. ஓடுகிறவனின் சட்டை மடிப்பு தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை வருடம் வெறும் அறுபதில் விளையாடிய தன்னை நினைத்து அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் பார்த்தால் அது சர்வே ஆகாது. இரண்டாம் தரப்பும் வேண்டும். பழைய திரையைப் பக்கத்தில், வீட்டில் கிடந்த இன்னொரு கேபிளில் மாட்டிவிட்டு, அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். சாளை மீன் கழுவிய கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி ஜெனிலா வந்து நின்றாள்.

"ஏளா, ரெண்டுலயும் என்ன வித்தியாசம் தெரியுது, சொல்லு."

"இது பெருசா இருக்கு. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு."

"அது ஃபோர்-கே. நான் கேக்கது அசைவு. அந்த மவுஸ் அம்பு போறதப் பாரு."

"ரெண்டும் ஒண்ணு போலத்தான போவுது."

"நல்லா பாரு."

"பாத்துட்டுத்தான சொல்லுதேன். அடுப்புல கொழம்பு கெடக்கு."

மூன்று நாள் இந்தக் கூட்டு சர்வே நடந்தது. காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒருமுறை, விளக்கை அணைத்து ஒருமுறை. ஜெனிலா மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னாள். இருபது வருடம் பழகின கிளியரிங் ஏஜென்ட்கூட மூன்றாம் நாள் வழிக்கு வந்துவிடுவான். இவள் வரவில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்ததில், அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது.

கேபிள் உறையின் சீல் உடைபடவில்லை என்பது உட்பட எல்லாம் எழுதி, குழுவில் அறிக்கை போட்டார். ஜெஃப்ரியைப் பத்தும் எடுக்கச் சொல்லிப் பரிந்துரை செய்துவிட்டுக் கடைசி வரியில், 'இரண்டாம் தரப்பான வீட்டம்மாவுக்கு வித்தியாசம் புலப்படவில்லை. பார்வைக் குறைபாடு காரணம் எனக் கருதப்படுகிறது' என்று எழுதினார். நாற்பத்தொரு பேர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அதை அறிக்கைக்குக் கிடைத்த வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கண் டாக்டர். டாக்டரம்மா ஜெனிலாவை எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லிவிட்டு, "கண்ணு நல்லா இருக்கே" என்றார். நேசக்குமார் விடவில்லை. நூற்று நாற்பத்து நாலு தெரியவில்லை என்று விளக்கினார். அப்படி ஒரு எண் டாக்டரம்மாவின் பலகையில் இல்லை. வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். இவரை வெளியேற்ற வேறு வழி தெரியாமல், கால் பவரில் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

இதுவரை நடந்ததெல்லாம் வேடிக்கையாகப் போயிருக்கும். ஆனால் ஜெனிலா நம்பிவிட்டாள். ஊரே நம்புகிற கண்ணை வீட்டுக்காரி மட்டும் எப்படி நம்பாமல் இருப்பாள். பதினோரு வருடமாக மாதத்தில் ஒரு ஞாயிறு கோயில் ஆராதனையில் வேதாகமத்திலிருந்து முதல் பாடம் வாசிப்பது அவள்தான். மைக் இல்லாத நாளிலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். அவளாகவே சபைச் செயலர் வேதமணியிடம் போய், "எனக்குக் கண்ணு சரியில்லையாம் அண்ணாச்சி. நடுவுல தப்பா வாசிச்சா நல்லாருக்காது. வேற யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வாசிப்பு சபையிலிருந்த பெர்சி என்ற இளம்பெண்ணுக்குப் போனது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நேசக்குமார், "நல்ல முடிவு" என்று ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்.

ஒன்பதாம் நாள், கீழ்வீட்டு மெல்வின் மாடிக்கு வந்தான். கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர், ஆறு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அதிசயத் திரையைப் பார்க்க வந்தவன், நாலு தடவை அம்பை ஆட்டினான். செட்டிங்கைத் திறந்தான்.

"அண்ணாச்சி, இது அறுபதுலல்லா ஓடுது."

"எது?"

"ஸ்கிரீன்தான்."

"மூலையில நூத்தி நாப்பதுன்னு காட்டுதுல்லா."

"அது கம்ப்யூட்டர் ஆக்குற சோறு. எலையில விழுறது அறுபதுதான். இந்தப் பழைய கேபிள்ல ஃபோர்-கேக்கு அதுக்கு மேல வராது. கூட வந்த கேபிள் எங்க?"

நேசக்குமார் உறையை எடுத்துக் கொடுத்தார். மெல்வின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் பிரிக்கல?"

"சீல் இருந்துச்சு."

மெல்வின் பண்பானவன், சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். பிறகு சீலைக் கிழித்து, கேபிளை மாற்றி, நூற்று நாற்பத்து நாலு என்று இருந்த இடத்தைத் தட்டினான். "விடுங்க அண்ணாச்சி. சரியாயிட்டு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அம்பு இப்போது வேறு மாதிரி போயிற்று. வித்தியாசம் என்றால் அப்படியொரு வித்தியாசம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அறிக்கையில் எழுதியதெல்லாம் உண்மையாகிவிட்டது. அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லியிருந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பது நாளும் அந்த வழுக்கலை நிஜமாகவே கண்ணால் பார்த்தார். அது அங்கே இல்லை.

மெல்வின் இறங்கிப் போனதும் ஜெனிலா டீயோடு வந்தாள். வாசல்படியைத் தாண்டவில்லை, நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு என்ன, அந்த அம்பு இப்படி வழுக்கிட்டுப் போவுது?"

நேசக்குமார் டீயை வாங்கினார். ஜெனிலா மூக்கிலிருந்த கண்ணாடியைத் தொட்டுக்கொண்டாள்.

"பாத்தீயளா, கண்ணாடி வேல செய்யுது. நான் சும்மாவே உங்கள்ட்ட மல்லுக்கு நின்னேன். வார ஞாயித்துக்கெழம ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை வச்சிரணும்."

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல இடம்தான், டீயும் கையில் இருந்தது. நேசக்குமார், "ம்" என்றார். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த 'ம்' போல் அசிங்கமான ஒன்றை எங்கேயும் போட்டதில்லை.

அது செவ்வாய்க்கிழமை. புதனும் வியாழனும் யார்டில் அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு குழிவைப் பார்ப்பார், எழுதப் போவார், திரும்பி வந்து விரலால் தடவிப் பார்ப்பார். கூட வேலை பார்க்கும் சிவபாலன் அதைக் கவனித்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒரு சொட்டைக்கு நாலு தடவ டார்ச் அடிக்கீய?"

"இருக்கான்னு பாக்கேன்."

"கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது. இருக்கான்னு கேக்கீய."

சனிக்கிழமை சாயங்காலம் ஜெனிலா காணிக்கைக் கவரை எடுத்து வைத்து, 'கண்பார்வையில் கர்த்தர் செய்த நன்மைக்காக' என்று மேலே எழுதினாள். எழுதியதை ஆராதனையில் வாசிப்பார்கள், முழுச் சபையும் கேட்கும். நேசக்குமார் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஒரு படிவத்தை எடுத்தார். சர்வேயில் எழுதிய அறிக்கையை அடிக்கவோ திருத்தவோ முடியாது. தப்பு இருந்தால் துணை அறிக்கை எழுத வேண்டும். எழுதினார். 'முதல் ஒன்பது நாட்கள் திரை அறுபது ஹெர்ட்ஸில் இயங்கியது. காரணம், சர்வேயரின் கேபிள். வித்தியாசம் இல்லை என்ற இரண்டாம் தரப்பின் கூற்று மூன்று நாளும் சரி. இரண்டாம் தரப்பின் பார்வையில் குறைபாடு இல்லை.' கையெழுத்து, தேதி. அவளிடம் நீட்டினார்.

ஜெனிலா வாசித்தாள். 'இயங்கியது'வில் விட்டுப்போன ஒரு புள்ளியைப் பேனாவால் வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

"மூணு நாளு என்னய நிக்க வச்சுப் பாரு பாருன்னீய."

"ஆமா."

"தெரியாததத் தெரியலன்னுதான சொன்னேன்."

"ஆமா."

"அதுக்கு எனக்குக் கண்ணாடி."

நேசக்குமார் மேஜையிலிருந்த கவரை நேராக்கி வைத்தார்.

"செவ்வாக்கெழமையே தெரியுமா உங்களுக்கு?"

தலையை ஆட்டினார். அதுவரை அவள் முகத்தில் இருந்தது கோபம்தான். அதற்குப் பிறகு இருந்ததற்கு அவருடைய படிவத்தில் வார்த்தை இல்லை.

"இத அப்படியே குரூப்புல போடுங்க. வேதமணி அண்ணாச்சிட்ட நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்க மாட்டேன்." கவரில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'பொதுவான நன்மைகளுக்காக' என்று எழுதி ஒட்டினாள்.

குழுவில் போட்டார். இந்த முறை நூற்றுப் பன்னிரண்டு முகங்கள் சிரித்தன. 'நீங்க சரின்னதும் வாங்கிப் போட்ட பத்தையும் இப்பப் பாத்தேன் அண்ணாச்சி, எல்லாம் அறுபதுதான். உங்க அறிக்கைப்படி சீலைப் பிரிக்கல' என்று ஜெஃப்ரி எழுதியிருந்தான்.

வேதமணிக்கு எழுபத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம். ஆராதனை முடிந்து பாடகர் குழு அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்தில் வைத்து, நேசக்குமார் ஹெர்ட்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பிள்ள சரியாத்தான் பாத்திருக்கு."

"ஆமா அண்ணாச்சி."

"நீதான் இல்லாததப் பாத்திருக்க."

"ஆமா அண்ணாச்சி."

"சத்தமாச் சொல்லு. கேக்கல."

"ஆமா அண்ணாச்சி." பாடகர் குழுவில் ஒரு அங்கி பாதிக் கழுத்தில் நின்றது.

வேதமணி பதிவேட்டைப் புரட்டினார். "டிசம்பர் வரைக்கும் லிஸ்ட் அச்சடிச்சு ஒட்டியாச்சேப்பா. பெர்சிட்ட போய் இனி நீ வேண்டாம்னு எப்படிச் சொல்ல? அதுவும் பொம்பளப் பிள்ளதான, சங்கடப்படும்லா. ஜனவரியில பாப்போம்."

நேசக்குமார் அதை வீட்டில் சொன்னார். ஜெனிலா, "சரி" என்றாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு பெர்சி வாசிக்க எழுந்தாள். பயந்த பிள்ளை. எரேமியாவில் ஒரு ராஜாவின் பெயரில் கால் தடுக்கி, திரும்பப் போய், இன்னொரு தடவை தடுக்கினாள். பெஞ்சில், நேசக்குமாருக்குப் பக்கத்தில், கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்த ஜெனிலா, மடியில் விரித்த வேதாகமத்தைக்கூடப் பார்க்காமல், அந்தப் பெயரை மூச்சுவிடும் அளவுக்கு மெதுவாக, முழுசாகச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. நேசக்குமாருக்குக் கேட்டது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று இன்னும் மூன்று முறை அவர் அதைக் கேட்க வேண்டியிருந்தது.