படகு தள்ளும் இசைத்தட்டு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் புதுப் படகு தண்ணீரில் இறங்குகிறதென்றால், முதலில் ஆள் போவது தாமோதரன் வீட்டுக்குத்தான். பூசாரிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தாமோதரன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவனுடைய நைனா வலை இழுத்தே காலம் தள்ளியவர். பிள்ளைக்கென்று விட்டுப்போனது ஒன்றுமில்லை. பொன்னேரியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக நின்று, ஈயம் பற்றவைத்துக் கை சுட்டுக்கொண்டு, தானே பார்த்துக் கற்றுத் தானே ஒரு மைக் செட் கட்டினான். பாட்டரியில் ஓடும் ஆம்பிளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர். அந்தக் குழாய்ச் சத்தம் ஏரியின் மறுகரை வரைக்கும் கேட்கும் என்பான். கேட்கவில்லை என்று சொல்ல மறுகரையிலிருந்து யாரும் வந்ததில்லை.

எழுபத்து நாலிலோ ஐந்திலோ பொன்னேரிக் கொட்டகைக்கு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. ஒரு மாலுமி தீவு தீவாகப் போய்ச் சண்டை போடுகிற படம். பேச்சு ஒருவருக்கும் புரியவில்லை, பாட்டும் கிடையாது. ஆனால் கப்பல் வரும்போதெல்லாம் எத்தனையோ வாத்தியம் ஒன்றாகச் சேர்ந்து எழும். கொட்டகைத் தகரம் அதிரும். குப்பத்து ஜனம் அதற்கு 'மாலுமிப் படம்' என்று பேர் வைத்தது. தாமோதரன் பட்டணத்துக்குப் போய், மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டுக் குவியலைப் புரட்டிப் புரட்டி அந்த இசைத்தட்டைப் பிடித்துவிட்டான். உறையில் கப்பல் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கு அது போதும்.

அதை ஒரு படகு இறக்கத்தில் போட்டான். கொம்பு வாத்தியங்கள் எல்லாம் ஒரே மூச்சில் ஊதும். அடுத்து ஒரு பெரிய முரசு தொம்மென்று விழும். ஊதும்போது ஆட்கள் தோள் கொடுத்தார்கள், முரசு விழும்போது தள்ளினார்கள். ஏலேலோ போட ஆளே வேண்டியிருக்கவில்லை. படகு மணலில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்தத் தட்டு இல்லாமல் ஒரு படகும் இறங்கியதில்லை.

மாலுமி இரண்டாம் தடவையும் கொட்டகைக்கு வந்தான், வேறு படத்தில். தாமோதரன் அந்தத் தட்டையும் வாங்கிக் கேட்டுவிட்டு, எல்லாம் பிடிலாக இருக்கிறது, கல்யாணத்துக்கு ஆகும், படகுக்கு ஆகாது என்று சொன்னான். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது. மாலுமிப் பட இசையில் எது உசத்தி, எது மட்டம் என்றால் தாமோதரன் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

எண்பத்து மூன்றில் அப்துல் ஹை வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது. பழவேற்காட்டு டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பையன். சிங்கப்பூரில் மாமன் கடையில் இருந்துவிட்டு, ஒரு டேப் ரெக்கார்டரும் மூன்றாம் மாலுமிப் படத்துக் கேசட்டுமாக வந்தான். படம் இன்னும் பொன்னேரிக்கே வரவில்லை. குப்பத்து டீக்கடை பெஞ்சில் பெட்டியை வைத்து அவன் போட, வலை காயப்போட்ட ஆட்கள் வலையை விட்டுவிட்டு வந்து சூழ்ந்தார்கள். மூணாவதுதான் டாப், முதல் படத்து இசை வெறும் டமாரம் என்று எவனோ சொன்னது தாமோதரன் காதுக்கு வந்தது.

அன்று முதல் அவன் டீக்கடைத் தெருவழியாகப் போவதில்லை. சுற்றிக்கொண்டு போனான். கால் சுற்றிப் போனதே தவிர, காது அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. வீட்டில் அவன் பெண்டாட்டி குப்பம்மா மீன் கழுவிக்கொண்டே எதையோ முனகினாள். அவனுக்குத் தெரியாத மெட்டு. எந்த மெட்டு என்று கேட்காமலே தெரிந்துகொண்டான். குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினான்.

"உப்பெல்லாம் சரியாத்தான் கீது," என்றாள் குப்பம்மா. "உனக்குத்தான் காது எரியுது."

அந்த நேரம் பார்த்துத் தேசப்பன் புதுப் படகு கட்டி முடித்தான். குப்பத்திலேயே பெரிய படகு. அவன் ஆட்கள் புதுக் கேசட்டுதான் வேண்டும் என்று நின்றார்கள். தேசப்பனுக்குத் தாமோதரனையும் விட மனசில்லை. இரண்டையும் போடட்டும், எதற்குப் படகு நகர்கிறதோ அதுதான் இனிமேல் இந்தக் குப்பத்துக்கு என்று முடிவு சொல்லிவிட்டான். தாமோதரனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படகு இறக்கம் போனால் அவன் வெறும் குழாய் கட்டுகிறவன்தானே?

படகு இறக்கும் நாள் காலை கரையில் கூட்டம். அப்துல் ஹை பணிவாகத்தான் வந்தான். "அண்ணே, என் பொட்டி சத்தம் இங்க பத்தாது. உங்க செட்டுல ஒயர் குடுத்து இத்தப் போடலாமா?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தாமோதரன் ஒயரைக் கொடுத்தான். சத்தத்தைக் குறைத்துக் கரகரவென்று ஆக்கிவிட ஒரு திருகல் போதும். விரல் அங்கே போகவும் போனது. ஆனால் தாமோதரன் செட்டு கரகரத்தது என்று நாளைக்கு எளாவூர் வரைக்கும் பேசுவார்களே. விரலை எடுத்துக்கொண்டான்.

கேசட் ஒற்றைப் புல்லாங்குழலில் தொடங்கியது. ஆட்கள் தோள் கொடுத்து முரசுக்காகக் காத்தார்கள். முரசு வரவில்லை. பிடில்கள் அடியிலிருந்து மெல்ல ஏறின. அவற்றுக்குப் பின்னால், தூரத்துக் கப்பல் மாதிரி, முதல் படத்துக் கொம்பு மெட்டு வேகம் குறைந்து வருவதைத் தாமோதரன் கேட்டான். அவனுடைய மெட்டுதான். ஆனால் அதற்கு இப்படி ஓர் அழுகை உண்டென்று அவனுக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தான். படகைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து தொங்கின. தேசப்பன் உடைக்க ஓங்கிய தேங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். இசை முடிந்தது. படகு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

தேசப்பன்தான் முதலில் பேசினான். "நல்லாத்தான்பா கீது. ஆனா படகு அப்படியே நிக்குதே." கூட்டம் சிரித்தது. "தாமு, உன் பிளேட்டப் போடு."

போட்டான். முதல் முரசுக்கே படகு அசைந்தது. தட்டு பாதி ஓடுவதற்குள் தண்ணீரில் மிதந்தது. தேசப்பன் அவன் தோளில் புதுத் துண்டைப் போட்டான். அப்துல் ஹையும் கைதட்டி, கெலித்துவிட்டீர்கள் என்றான்.

அந்தக் கதையைத் தாமோதரன் பொன்னேரிச் சந்தை வரைக்கும் சொல்லித் தீர்த்தான். கேசட்டைக் கேட்டுத் தளர்ந்து தொங்கிய கைகளை மட்டும் அதில் சேர்க்கவில்லை. ஒருநாள் குப்பம்மாவிடம் கேட்டான்.

"என் பிளேட்ட நீ கேட்டுக்கீறியா?"

"எத்தினி தபா கேட்டாச்சி."

"நின்னு கேட்டுக்கீறியா?"

"அது நிக்கறதுக்கா போடறே? தள்றதுக்குத்தானே?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த படகு இறக்கத்தில் தாமோதரன் தட்டில் முள்ளை வைத்துவிட்டுப் படகைப் பார்க்கவில்லை. ஆட்களின் முகங்களைப் பார்த்தான். ஒரு முகமும் குழாய்ப் பக்கம் திரும்பவில்லை, ஒரு கையும் நிற்கவில்லை. படகு மிதந்ததும் முள்ளைத் தூக்குவது அவன் பழக்கம். அன்றைக்குத் தூக்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றினான். படகுக்காரன் கொடுக்கும் மிட்டாய்க்கு ஆட்கள் ஓடினார்கள். தட்டின் மீதியைத் தொங்கிய கைகளோடு அவன் ஒருவன்தான் நின்று கேட்டான்.