காசு யார் பைக்குப் போகுது?

அட்டையைக் கிழிப்பதுதான் முதல் வேலை. புதிதாகப் பங்கு வெளியிடப்போகும் கம்பெனியின் விவரப் புத்தகமான பிராஸ்பெக்டஸ் கைக்கு வந்ததும், ரசிலாபென் அதன் வழவழப்பான அட்டையை உரித்து மேசைமேல் விரிப்பார். கட்டியா என்ற கடலைமாவு நொறுக்கையும் வறுத்த பச்சைமிளகாயையும் அதில் கொட்டிக்கொண்டு, மிச்சப் புத்தகத்தை நடுவில் பிரிப்பார். அபாயங்கள் என்று தலைப்பிட்ட பகுதி. "அட்டைப் படத்துல இருக்கிற மெஷின் என்னைக்குமே ரிப்பேர் ஆகாது. ஆகுற மெஷின் உள்ளதான் இருக்கும்" என்பார், மிளகாயைக் கடித்தபடி.

மதியமானால் ராஜ்கோட் கதவடைத்துத் தூங்கப் போய்விடும். பங்குச்சந்தை தூங்காது என்பதால் எங்கள் சந்தில் ரசிலாபென்னின் ஒற்றை அறை ஆபீஸ் மட்டும் திறந்திருக்கும். அதன் மாடியில் அவரிடமே வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கு அவர் குரல்தான் கடிகாரம். தொலைபேசியை நம்பாதவர்போல, பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசுவார். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கணவர் நடத்திய தரகுத் தொழிலை, அவர் போனபின் யாருக்கும் விற்காமல் பரீட்சை எழுதித் தானே எடுத்துக்கொண்டார். பள்ளி ஆசிரியைகள், லேத் பட்டறைக்காரர்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் எல்லாரும் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர் வாயில் அவர்கள் "என் ஆளுங்க".

பட்டறை வைத்திருக்கும் பச்சுபாய் அடிக்கடி ஓடிவருவார்.

"ரசிலாபென், இந்தப் புதுப் பங்கு சந்தைக்கு வர்ற அன்னைக்கே விலை பிச்சுக்கிட்டுப் போகுமாம். பேசிக்கிறாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான்."

"நஷ்டம் வந்தா அந்த எல்லாரும் பாதி தருவாங்களா? ஒருத்தன் பேரு சொல்லு, இப்பவே போன் போட்டுக் கேக்குறேன்."

பச்சுபாய் ஒரு கட்டியாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

சென்ற ஆண்டு வந்த பிராஸ்பெக்டஸ் ஒன்று அவருடைய சொந்தத் தம்பியுடையது. ஹர்சுக்பாயின் ஹிரண் பம்ப்ஸ் ஊரில் பெயர்பெற்ற கம்பெனி. பேடா டப்பாவோடு ஆபீஸுக்கே வந்தார். நான் வாடகை கொடுக்க வந்து அங்கே மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நம்ம கம்பெனி. உன் ஆளுங்க ஒருத்தர் விடாம போடணும்."

"படிச்சேன். வர்ற பணத்துல முக்காவாசி நீயும் உன் பார்ட்னரும் உங்க பங்கை விக்கிற காசு. கம்பெனிக்குன்னு வர்றது கால்வாசி."

"அது சட்டப்படி தப்பா?"

"தப்பே இல்ல. உன் உழைப்பு, நீ விக்கிற. வாங்குறவன் அதைத் தெரிஞ்சு வாங்கட்டும். விலையும் அப்படித்தான். உன்னைவிடப் பெரிய பம்ப் கம்பெனியோட பங்கு, வருஷ லாபத்தைப்போல இருபது மடங்கு விலைக்குச் சந்தையில கிடைக்குது. நீ நாப்பது மடங்கு கேக்குற."

"கேக்குற விலைக்கு ஆள் இருக்குக்கா."

"இருக்கும். என் ஆளா இருக்கமாட்டான்."

ஹர்சுக்பாய் முகம் கறுத்தது. "ஊரே என்கூட நிக்குது. கூடப் பொறந்தவ நீ..."

"சாப்பிட வா. தினம் வா, சூடா ரோட்லா போடுறேன். என் ஆளுங்க கையெழுத்துக்கு மட்டும் வராத."

அவர் போனதும் ரசிலாபென் டப்பாவைத் திறந்து எனக்கு இரண்டு பேடா கொடுத்தார். "இதுமேல எனக்கென்ன கோபம்?" என்றார். ஆனால் அவர் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பங்கு வெளியீட்டுக்காக ஹர்சுக்பாய் சமூகக்கூடத்தில் பெரிய விருந்து வைத்தார். மும்பையிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் திரையில் வண்ணவண்ணமாகக் கோடுகள் காட்டினான். எல்லாக் கோடும் மேலேதான் போயின. கேள்வி உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டதும் ரசிலாபென் எழுந்தார்.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. இந்தப் பணம் ஃபேக்டரிக்கு எவ்வளவு வருது, உங்க பைக்கு எவ்வளவு போகுது?"

"எல்லாமே பிராஸ்பெக்டஸ்ல இருக்கு மேடம்."

"இருக்கு. அதைத்தான் இங்க படிங்கன்னு சொல்றேன்."

தம்பி மனைவி முக்தாபென் முன்வரிசையிலிருந்து சீறினார்: "தம்பி நாலு காசு பாக்குறது பொறுக்கலையா உங்களுக்கு?"

ரசிலாபென் பையிலிருந்து அட்டையில்லாத புத்தகத்தை எடுத்துத் தானே படிக்கத் தொடங்கினார். விற்பனையில் பாதிக்குமேல் ஒரே ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குப் போகிறது. அவர் ஆர்டரைக் குறைத்தால் கம்பெனி தள்ளாடும். யாரோ ஒலிபெருக்கியில் பாட்டைப் பெரிதாக வைத்தார்கள். அவர் குரலும் ஏறியது. "எழுதினவங்க ஒளிக்கல, அச்சடிச்சே குடுத்திருக்காங்க. படிக்காதவங்க நாமதான்!" என்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகியிருந்தன.

வெளியீட்டுக்குக் கூட்டம் அலைமோதியது. அவருடைய ஆட்களிலேயே பலர் பிள்ளைகளின் கைப்பேசி வழியாக விண்ணப்பித்தார்கள். முதல் நாளே விலை மூன்றிலொரு பங்கு ஏறியது. அவர் ஆபீஸ் வாசலில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பச்சுபாய் ஜிலேபியோடு வந்தார்.

"உங்க பேச்சைக் கேட்டிருந்தா இந்த ஜிலேபி ஏது?"

"வித்துட்டியா?"

"எதுக்கு விக்கணும்? இன்னும் ஏறும்."

"விக்காத வரைக்கும் அது டிவியில ஓடுற எழுத்து, பச்சுபாய்."

சிலர் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ரக்ஷாபந்தனுக்குத் தம்பி வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அழைப்பில்லாமலே போனார். ஹர்சுக்பாய் மணிக்கட்டை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ராக்கி கட்டிவிட்டு நடந்தே திரும்பிய ரசிலாபென்னிடம், "பேசாம இருந்திருக்கலாமோ?" என்று கேட்டுவிட்டேன்.

"விலை ஏறினா என் கேள்வி தப்பாயிடுமா?" என்று சந்து அதிரக் கேட்டார். பிறகு மெதுவாக, "கையை நீட்டினானே, போதும்" என்றார்.

ஆறேழு மாதத்தில் அந்த வெளிநாட்டு வியாபாரி ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். இத்தனை மாதம் விற்கக்கூடாது என்ற கெடு முடிந்ததும் பெரிய முதலீட்டாளர்கள் தங்கள் பங்குகளை விற்றுக் கைகழுவினார்கள். விலை வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியது. தொழிற்சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பம்புகள் நல்ல பம்புகள்தான். பச்சுபாய் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப வித்துடவா?"

அன்றைக்கே சொன்னேனே என்று ரசிலாபென் சொல்லவில்லை. "இப்பவாவது படி. படிச்சிட்டு நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்று புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார்.

பிறகு அவரே ஹிரண் பம்ப்ஸ் பங்கு வாங்கினார். ஒன்றே ஒன்று.

"ஒண்ணை வெச்சு என்ன செய்வீங்க?" என்றேன்.

"கேள்வி கேக்க ஒண்ணு போதும்."

கம்பெனியின் ஆண்டுக்கூட்டம் சென்ற வாரம் ஓர் ஓட்டலில் நடந்தது. துணைக்கு நானும் போனேன். மேடையில் ஹர்சுக்பாய், பக்கத்தில் பார்ட்னர். பங்குதாரர்கள் யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்று அறிவித்தார்கள். ரசிலாபென் கையைத் தூக்கினார். மைக் வைத்திருந்தவன் மேடையைப் பார்த்தான். ஹர்சுக்பாய் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொடு என்பதுபோல் தலையசைத்தார்.

ரசிலாபென் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தார். மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்வரிசைகளைப் பார்த்து, "இந்த வருஷ அறிக்கையை உங்கள்ல எத்தனை பேர் படிச்சீங்க?" என்று கேட்டார்.